மாடிக்கு ஆள் வாராங்க

காளவாசல், மதுரை
23-2-2025

அன்பு மாப்ள பாண்டிராஜுக்கு,

இங்கே உன் அக்கா கனகா, நான், என் சுகர், என் பிரஷர் எல்லாரும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கிறோம். அயர்லாந்தில் நீயும் உன் சளியும் எப்படி?

போன் இருக்கும்போது இவன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனை எடுத்தால் கனகா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அப்புறம் அவள் பேசுகிறாள், நீ கேட்கிறாய், நான் போனைத் தாங்கிக்கொண்டு நிற்கிறேன். முப்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தும் எனக்கு, சொந்த வீட்டில் ஸ்டீயரிங் கிடைத்ததே இல்லை. கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. எனவே இனி இப்படித்தான்.

உன் வீட்டு விஷயம் என்னாயிற்று? நர்ஸ் வேலைக்கு ஆள் பற்றவில்லை என்று விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போனவர்கள், குடியிருக்க ஒரு கூரை காட்டமாட்டார்களா? தனி வீட்டு முகவரி இருந்தால்தான் உன் பெண்டாட்டி தங்கப்பொண்ணுவையும் பாப்பாவையும் மேலூரிலிருந்து கூப்பிட முடியும் என்றாய். செப்டம்பரில் அங்கே பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கிடைத்தால் நல்லது. பாப்பா இப்போதே யாரைப் பார்த்தாலும் 'ஹலோ' சொல்கிறாள், மேலூர் பஸ் கண்டக்டர் உட்பட.

வெளிநாட்டுச் சங்கடம் எனக்குத் தெரியாதென்று எண்ணாதே. நானும் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ரெண்டு வயதில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கியவன்தான். வழியெல்லாம் அப்பா சட்டையில் வாந்தி எடுத்தேனாம். என் கடல் பயணக் கட்டுரை அத்தோடு முடிந்தது.

இங்கே நம் மாடி காலி. பேங்க்காரர் மாற்றலாகிப் போனதிலிருந்து தினம் ஒருவர் வந்து பார்க்கிறார். யாரையும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு வராது. நான் அவ்வளவு நல்லவன். அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன். பிடிக்காத ஆள் வந்தால், "அடடா, நேத்துத்தான் முடிவாச்சு. என் மச்சினன் ஃபாரின்லருந்து குடும்பத்தோட வாரான், மாடி அவனுக்கு" என்று சொல்லிவிடுவேன். வந்தவருக்கும் வருத்தமில்லை, உனக்கும் ஊரில் ஒரு மதிப்பு.

போன வாரம் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். பெயர் பவதாரிணி. பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ், உன் இனம். நல்ல அமரிக்கையான பெண். கனகா காபியே கொடுத்துவிட்டாள், அவள் காபி கொடுத்தால் வீடு கொடுத்த மாதிரி. அந்த அம்மா மட்டும் நம் ஊர்ப் பேச்சாக இல்லாத ஒரு இழுப்பில், "தண்ணி ஒழுங்கா வருதோ?" என்று கேட்டபோது கனகா என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போல, "சொந்த ஊரு எதும்மா?" என்றேன்.

"பொறந்தது வளந்ததெல்லாம் இங்கதாண்ணே, கேம்ப்ல."

"என்ன கேம்ப்?"

"சிலோன் அகதிங்க கேம்ப்ணே. இப்ப மறுவாழ்வு முகாம்னு பேரு. வெளிய தங்கறதுக்கு அனுமதி வாங்கியாச்சு. போலீஸ்ல ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போவாங்க, அம்புட்டுத்தான்."

போலீஸ் என்றதும் என் பிரஷர் எழுந்து உட்கார்ந்தது. உடனே உன்னை ஃபாரினிலிருந்து வரவழைத்துவிட்டேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "சரிங்கண்ணே, அவங்க நல்லபடியா வந்து சேரட்டும்" என்றாள். ரெண்டு டம்ளரையும் எடுத்துப்போய் வாசல் குழாயில் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. கனகா அன்றைக்குப் பூரா என்னோடு பேசவில்லை. அது ஒரு பக்கம் நிம்மதிதான்.

வீடு கிடைத்ததும் எழுது.

இப்படிக்கு,
உன் பேரை ஊரெல்லாம் பரப்பும் மச்சான்,
அழகுமலை


கார்க், அயர்லாந்து
23-3-2025

அன்பு மச்சானுக்கு,

பாண்டிராஜ் எழுதுவது. உங்கள் தபால் கிடைத்தது. அக்காவையும் பிரஷரையும் கேட்டதாகச் சொல்லவும். சளி போய்விட்டது. குளிர் போகவில்லை.

வீடு கிடைக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். மீன் வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்கும். அதனால் மீனை விட்டுவிட்டோம்.

வீட்டு ஏஜெண்டுகளுக்கு எழுதினால் பதில் வருவதில்லை. கூட வேலை பார்க்கும் மலையாளி சொன்னான் என்று, அதே கடிதத்தில் 'பால்' என்று வெள்ளைக்காரப் பெயர் போட்டு அனுப்பிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. நேரில் போனபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாலுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

ஒரே ஒரு வீடு கிடைக்கிற மாதிரி இருந்தது. மேல்மாடி. வீட்டுக்காரர் தனியாக இருக்கும் வயதான அம்மா. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். நான் நர்ஸ் என்றதும் முழங்காலைக் காட்டினார், பார்த்துச் சொன்னேன். பாப்பா போட்டோவைப் பார்த்து, மாடிப்படிக்குக் கைப்பிடி உயரமாக வைக்க வேண்டும் என்றார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் கட்டட வேலைக்கு லண்டன் போனாராம். அயர்லாந்துக்காரன் என்று தெரிந்தால் ஒருத்தரும் அறை கொடுக்கமாட்டார்களாம், ரயில்வே ஸ்டேஷனில் படுத்திருந்தாராம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் நான் எந்த ஊர் என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் பக்கம் என்றேன். அதில்லை, சொந்த ஊர் என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, கனடாவிலிருந்து தங்கை மகன் வருகிறான், மாடி அவனுக்கு என்றார்.

நல்ல மனுஷிதான். டீ நன்றாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் சில பையன்கள் 'வீட்டுக்குப் போ' என்று கத்துகிறார்கள். நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் அவ்வளவு வேகமாக வராது.

உங்கள் தபாலை ரெண்டு தடவை படித்தேன். முதல் தடவை நன்றாகச் சிரித்தேன். மாடிக்கு இனிமேல் என் பெயரைச் சொல்ல வேண்டாம், மச்சான். எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

இன்னொன்று. தங்கப்பொண்ணு கொஞ்ச நாளாகப் போனில் காரணமில்லாமல் சிரிக்கிறாள். என்ன என்றால், ஒன்றுமில்லை என்கிறாள். அக்காவிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாண்டிராஜ்


காளவாசல், மதுரை
27-4-2025

அன்பு மாப்ள,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் நான் வியர்ப்பது அதனால் அல்ல. ஒரு விபத்து நடந்துவிட்டது. எவ்வளவு பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை.

பூக்கார ராமக்காளைத் தெரியுமல்லவா? மேலூரிலிருந்து காலைப் பஸ்ஸில் கூடையோடு வந்து, பூவை விற்றுவிட்டுச் சேதிகளை நிரப்பிக்கொண்டு போகிறவள். மாடி கேட்டு வந்தவர்களிடம் நான் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்து, மேலூரில் போய் இறங்கி, உன் பெண்டாட்டியிடம் சேர்ந்துவிட்டது. பாண்டிராஜ் யாருக்கும் தெரியாமல் திரும்பி வருகிறான், காளவாசலில் மாடி வீடு பேசி முடித்துவிட்டான் என்று. தங்கப்பொண்ணு உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்றால், நீ ஆசையாக மறைத்து வைத்திருப்பதைக் கேட்டுக் கெடுத்துவிடக் கூடாதாம். அதுதான் அந்தச் சிரிப்பு.

பங்குனி கழியட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தது. திறந்தால் தங்கப்பொண்ணு. பட்டுச்சேலை. ஒரு கையில் பாப்பா, இன்னொரு கையில் புதுப் பித்தளைப் பானை. பானைக்குள் பால் பாக்கெட், சர்க்கரை, சோழவந்தான் வெற்றிலை. பின்னால் அவளுடைய அம்மா, ஸ்டவ்வோடு.

"அண்ணே, மறைக்காதீங்க. எனக்கு எல்லாந் தெரியும். இன்னிக்கி நல்ல நாளு, பாலக் காச்சிட்டுப் போயிர்றோம். அவரு வார அன்னிக்கி வாரட்டும்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாப்பா, "மாமா, எங்க வீடு மேலயா?" என்று படியேறிவிட்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பாலே கொதித்திருக்கும், ஸ்டவ் தேவைப்பட்டிருக்காது.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. உன் மாமியாருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். எல்லாரும் ஆளுக்கொரு வாய் குடித்தோம். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை, நானும் சொல்லவில்லை. தங்கப்பொண்ணு ஒவ்வொரு ஜன்னலையும் முழம் போட்டு அளந்தாள், திரைச்சீலைக்காம். பாப்பா சுவரோரம் நின்று, பென்சிலால் தன் உயரத்தைக் கோடு போட்டுக்கொண்டாள்.

"பாஸ்போர்ட்டுக்கு அலையறத விட்டுட்டேண்ணே," என்று கிளம்பும்போது சொன்னாள். "இனி எதுக்கு? அங்க போயி யாருகிட்டயோ வீட்டுக்குக் கெஞ்சறதுக்கு, இங்க மதினி வீட்டு மாடில ராணி மாதிரி இருந்துட்டுப் போறேன்." பானையைக் கொண்டுபோகவில்லை. பால் காய்ச்சிய வீட்டிலிருந்து பானையை எடுக்கக் கூடாதாம்.

மாப்ள, நீதான் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் சொல்லலாம்தான். ஆனால் மேலூருக்குப் போகும் எந்தப் பஸ்ஸைப் பார்த்தாலும் எனக்கு முழங்கால் வலிக்கிறது.

இன்னொரு கூத்து. பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே அந்தப் பவதாரிணி. சுகருக்கு ரத்தம் எடுக்க ஊசி குத்தியதே தெரியவில்லை. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "ஒங்க மச்சினன் வந்துட்டாராண்ணே?" என்றாள். "விசா இழுத்துக்கிட்டிருக்கும்மா," என்றேன். "பாவம்," என்றாள். இன்னும் கேம்ப்பிலிருந்துதான் வருகிறாளாம். ராத்திரி டியூட்டி என்றால் கடைசிப் பஸ் கிடைக்காமல், விடியும் வரை ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாளாம். நல்ல பெண்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போலீஸ், விசாரணை என்று நாளைக்கு யார் அலைவது? அக்கம்பக்கம் என்ன பேசும்? நீயே சொல்.

உன் கிழவி வீட்டுக்குக் கனடாக்காரன் வந்துவிட்டானா?

இப்படிக்கு,
பால் குடித்த பாவி,
அழகுமலை


கார்க், அயர்லாந்து
18-5-2025

அன்பு மச்சானுக்கு,

பாண்டிராஜ் எழுதுவது. தங்கப்பொண்ணுவிடம் போனில் சொல்லிவிட்டேன். அழவில்லை. அப்புறம், "அப்ப அங்கயும் இல்ல, இங்கயும் இல்லயா?" என்றாள். பாஸ்போர்ட்டுக்கு மறுபடியும் எழுதிப் போடச் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். எனக்கு வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லும்வரை அவள் இனி அசையமாட்டாள்.

கனடாக்காரன் வரவில்லை. தினமும் வேலைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். மேல் ஜன்னலில் திரை இல்லை, விளக்கு எரிவதில்லை. அந்த அம்மா வாசலில் நின்றால் கை காட்டுவார், நானும் காட்டுவேன். முழங்கால் எப்படி என்று கேட்பேன், பரவாயில்லை என்பார். மாடியைப் பற்றி ரெண்டு பேரும் பேசுவதில்லை. மாலையில் வரும்போது, வேண்டாம் என்று நினைத்தாலும் மேலே பார்த்துவிடுகிறேன்.

நான் கோபமாக எழுதவில்லை, மச்சான். கோபத்தில் எழுதினால் அக்கா பார்த்துவிடும்.

நீங்கள் நீயே சொல் என்று கேட்டதால் சொல்கிறேன். உங்கள் ஐயா சிலோனிலிருந்து உங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, மேலூரில் இடம் கேட்டு அலைந்ததை எங்கள் ஐயா சொல்வார். கூலிக்கு வயலில் இறக்கினார்களே தவிர, 'சிலோன்காரன், எப்படிப்பட்ட ஆளோ' என்று ஒருத்தரும் ஒண்ட இடம் தரவில்லை. எங்களுக்கே அப்போது சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. குடிசையை ஒட்டி ஆடு கட்டும் சாய்ப்பு ஒன்று இருந்தது. ஐயா ஆட்டை வெளியே கட்டிவிட்டு, அதை உங்களுக்குக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லையா என்று நான் ஒரு தடவை ஐயாவிடம் கேட்டேன். "கைப்புள்ளைக்கி ஜொரம் அடிச்சுச்சு, அதக் கேக்க எங்க நேரம்?" என்றார். அந்தச் சாய்ப்பு இல்லையென்றால் அக்கா உங்களுக்கு இல்லை. ஸ்பீக்கரும் இல்லை.

மாடி என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். என் பெண்டாட்டி பால் காய்ச்சிவிட்டாள். என் மகள் சுவரில் கோடு போட்டுவிட்டாள். ஆகவே அது என் வீடு என்றே வைத்துக்கொள்கிறேன். நான் அதை அந்தப் பவதாரிணிக்கும் அவர் அம்மாவுக்கும் விடுகிறேன். போய்ச் சொல்லிவிடுங்கள். பானையை அவர்களே புழங்கட்டும்.

இது முடியாது என்றால் எனக்கு எழுத வேண்டாம். அக்காவோடு போனில் பேசிக்கொள்கிறேன், நீங்கள் பழையபடி போனைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

அன்புடன்,
பாண்டிராஜ்


காளவாசல், மதுரை
22-6-2025

அன்பு மாப்ள,

எழுதுகிறேன் என்பதிலிருந்தே விஷயம் புரிந்திருக்கும். ஆனால் நீ நினைக்கிற மாதிரி முடியவில்லை. அதனால் முழுதும் படி.

உன் கடிதத்தைக் கனகா எனக்கு முன்னால் படித்துவிட்டாள். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது என்று நான் எழுதியது தப்பு. சாய்ப்பு வரும் இடத்தைச் சத்தமாக ரெண்டு முறை படித்தாள். அப்புறம் என் செருப்பை எடுத்து வாசலில், ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள். அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பேசிய மிகச் சிறிய பேச்சு இது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சும்மா போய் நிற்க முடியாதே, பிரஷர் பார்க்க வேண்டும் என்றேன். பவதாரிணி கையில் பட்டையைச் சுற்றினாள்.

"வந்து... மாடி விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்கண்ணே, பிரஷர் தப்பாக் காட்டும்."

பேசாமல் இருந்தேன். காற்று இறங்கி முடிந்ததும் சொன்னேன். "மாடி ஒங்களுக்குத்தாம்மா. எப்ப வேணும்னாலும் வாங்க."

"வேணாண்ணே. ஒங்க மச்சினன் சம்சாரம் வந்து பால் காச்சிட்டுப் போனாங்களாம்ல, பூக்காரம்மா சொன்னாங்க. குடும்பத்தோட வாரவங்களுக்கு வீடு இல்லாமப் போயிரக் கூடாது."

என்னிடம் கியர் மாற்றத் தெரியாத நூறு பேர் படித்திருக்கிறார்கள், மாப்ள. அவர்கள் பட்ட பாடு அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எதைப் போட்டாலும் வண்டி குலுங்கி நிற்கிறது. கடைசியில், "மச்சினன் வரலம்மா. வாரேன்னு அவன் சொல்லவும் இல்ல. நானா சொன்னது," என்றேன்.

அவள் பட்டையைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டே, "தெரியும்ணே," என்றாள்.

நான் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

"எல்லா வீட்லயும் யாராச்சும் வாராங்கண்ணே. ஒரு வீட்ல மச்சினன், ஒரு வீட்ல மக, ஒரு வீட்ல அமெரிக்காலருந்து பேரன். ஒருத்தரும் வந்து சேந்ததா நான் பாக்கல. நீங்க காப்பி குடுத்தீங்க. அதனாலதான் வந்துட்டாரான்னு கேட்டு வச்சேன்." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "நானும் சிலோன்ல பொறந்தவந்தாம்மா. தோட்டத்துல. ரெண்டு வயசுல கப்பல்ல வந்தேன்," என்று உளறிவிட்டேன். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. அட அண்ணே, நீங்களும் நம்ம ஆளா என்று அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் சீட்டில் எதையோ எழுதினாள். "நூத்தி அறுவது இருக்கு. உப்பக் கொறைங்க," என்று கொடுத்தாள்.

எழுந்து கதவு வரை வந்த பிறகு கூப்பிட்டாள். "அண்ணே, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன். அவங்களுக்கு ஒரு தடவ வேணாம்னு சொன்ன வீடுன்னா கொஞ்சம் சங்கடம்." பிறகு, "மாடில தண்ணி எப்பிடிண்ணே வருது? போலீஸ்ல வந்து கேட்டா நீங்க கீழ இருப்பீங்களா, இல்ல அன்னிக்கி வெளியூர் போயிருவீங்களா?" என்றாள். வீட்டுக்காரனை விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் நின்றுகொண்டே பதில் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு இன்றைக்கு வரை அவளிடமிருந்து பதில் இல்லை. நானும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. போனால் கேட்கப் போனது போல இருக்கும். உப்பைக் குறைத்துவிட்டேன்.

தங்கப்பொண்ணு ஒரு நாள் வந்தாள். நான் டிரைவிங் ஸ்கூல் காருக்கு அடியில் போய்ப் படுத்து, ஏதோ ரிப்பேர் பார்ப்பதுபோல இருந்தேன். எனக்கு ரிப்பேர் தெரியாது என்று அவளுக்கும் தெரியும். "வெளிய வாங்கண்ணே, அடிக்க மாட்டேன்," என்றாள். பானையை எடுத்துப்போக வந்தாளோ என்று பார்த்தால், மாடிக்குப் போய் அதைப் புளி போட்டுத் துலக்கி, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். "அந்தப் பிள்ளை வந்தா, அவுங்களும் பொங்க விட்டுத்தான குடிக்கணும்," என்றாள். பாஸ்போர்ட்டுக்கு மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறாளாம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், ஆசையாக மறைத்து வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, எழுதிவிட்டேன்.

அந்தக் கிழவி வாசலில் நின்றால் கை காட்டுவதோடு போய்விடாதே. ஒரு நாள் நின்று, கனடாக்காரர் வந்துவிட்டாரா என்று கேள். கோபமாகக் கேட்காதே. பவதாரிணி என்னைக் கேட்ட மாதிரி கேள். மாடி காலியாக வைத்திருப்பவர்கள் எல்லாரும் ரொம்ப நல்லவர்கள், மாப்ள. டீ, காபி எல்லாம் தருவோம். அதுக்கு மேலே ஒரு படி ஏறத்தான் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

வாசலில் தொங்கிய 'டு லெட்' பலகையைக் கழற்றி, கட்டிலுக்கு அடியில் போட்டாயிற்று. ஆனாலும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். நேற்றுக்கூட ஒரு தாசில்தார் ஆபீஸ்காரர். குடும்பம் அளவானது, சொந்த ஊர் திருமங்கலம், கேட்காமலே எல்லாம் சொன்னார். "மாடிக்கு ஆள் வாராங்க," என்றேன்.

"யாரு, ஒங்க ஃபாரின் மச்சினனா?" என்றார் சிரித்துக்கொண்டே. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"இல்லைங்க. பவதாரிணின்னு ஒரு நர்ஸு. அவங்க அம்மாவும்," என்றேன்.

"என்னைக்கி வாராங்க?"

நான் மாடியை அண்ணாந்து பார்த்தேன். கனகா மேலே குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்குக் காவல் இருக்கும்,
அழகுமலை